பொழிப்புரைக்குப் பிறகு என்ன எழுதுவது? கவிதையைத் திறனாய்வு நோக்கில் வாசிப்பது பற்றி

தஞ்சை வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் இளங்கலைத் தமிழ் இலக்கியம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் ‘பா நயம் பாராட்டுக’ என்ற வினாவுக்கு விடை எழுதிப் பழகியவர்கள் நாங்கள். திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் பாடலிலிருந்து இரண்டு சொற்களை எடுத்து எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். இப்போது குறுந்தொகையின் 25ஆம் பாடலைத் திறனாய்வு செய்து நான்கு பக்கக் கட்டுரை எழுதுமாறு பணித்திருக்கிறார்கள். பாடியவர் கபிலர், திணை குறிஞ்சி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

நான் எழுதி வைத்திருக்கும் பொழிப்புரை இது: ‘அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களை உடைய குருகு ஒன்று மட்டும், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னை மணந்துகொள்வதாகச் சொன்ன சொல்லை அந்தக் கள்வன் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்?’

இவ்வளவுதான் பாடல் என்றால், மீதி மூன்றரைப் பக்கங்களில் எதை எழுதுவது? மனத்தில் தோன்றுவதையெல்லாம் எழுதினால் அது என் கற்பனை என்று ஆகிவிடாதா? திறனாய்வு என்ற சொல்லுக்கான வரையறைகளைப் பல நூல்களில் படித்துவிட்டேன். ஒரு பாடலை முன்னால் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்பதை யாரேனும் காட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஏட்டுவாசி:

தங்கைக்கு வணக்கம். நீங்கள் எழுதிய பொழிப்புரையைத் தள்ளிவிட வேண்டாம். கட்டுரைக்கு வேண்டிய பொருள் அதிலேயே இருக்கிறது. அதையும் மூலத்தையும் அருகருகே வைத்து, எங்கெல்லாம் இரண்டும் வேறுபடுகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்த்தவை எவை, விட்டவை எவை, இடம் மாற்றியவை எவை என்று பாருங்கள். பொருளைச் சொல்லும் அவசரத்தில் நாம் எதையெல்லாம் நேராக்கி அடுக்குகிறோமோ, அதையெல்லாம் கவிஞர் வேறு விதமாக வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும். அந்தக் காரணத்தைத் தேடுவதைத்தான் நான் திறனாய்வு என்று கொள்கிறேன்.

முதலில் நீங்கள் இடம் மாற்றியதைப் பார்ப்போம். கூடிய நாளில் தொடங்கி, குருகைக் காட்டி, அச்சத்தில் முடித்திருக்கிறீர்கள். நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் சொல்லும்போது அது இயல்பானதே. பாடலோ ‘யாரும் இல்லை’ என்ற மறுப்பில் தொடங்கி, இரண்டாம் அடியிலேயே அச்சத்தைக் கொட்டிவிட்டு, அதன் பிறகுதான் ஆற்றங்கரைக்குப் போகிறது. ‘நான் என்ன செய்வேன்’ என்று கேட்ட பின்னும் அவளால் பேச்சை நிறுத்த முடியவில்லை. நினைவு அந்த நாளுக்கே திரும்புகிறது. நீங்கள் முதலில் வைத்த ‘கூடிய நாள்’ பாடலில் கடைசிச் சொல்லாக, ‘மணந்த ஞான்றே’ என்று நிற்கிறது. முதலடியில் ‘இல்லை’ என்றவள் கடைசி அடியில் ‘உண்டு’ என்கிறாள். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் அவள் மனத்தில் நடந்தது என்ன என்பதை மட்டும் எழுதினாலே ஒரு பக்கம் நிறையும்.

குருகு வரும் விதத்தையும் உற்றுப் பாருங்கள். நாம் பேசும்போது ‘குருகு நின்றது, அதன் கால்கள் இப்படி இருந்தன’ என்போம். இங்கே தினைத்தாள் முதலில் வருகிறது, பிறகு கால்கள், பிறகு ஓடும் நீர், ஆரல், பார்த்தல், எல்லாம் முடிந்த பின் அடுத்த அடியின் முதற்சீரில்தான் ‘குருகு’ என்ற பெயரே வருகிறது. கேட்பவருக்குக் கால்கள் தெரிந்துவிடுகின்றன, யாருடைய கால்கள் என்பது தெரிவதில்லை. தலை தாழ்ந்திருக்கும் ஒருத்தியின் கண் எதைக் கண்டிருக்குமோ அந்த வரிசையில் சொற்கள் நிற்கின்றன என்று நான் வாசிக்கிறேன். இதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மறுப்பதானாலும் சொல்வரிசையைக் காட்டித்தான் மறுக்க வேண்டும். ‘மனத்தில் தோன்றுவதெல்லாம்’ என்று நீங்கள் அஞ்சுவதற்கும் வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனி, சேர்த்தவை. ‘மணந்துகொள்வதாகச் சொன்ன சொல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாடலில் இருப்பது ‘அது’ மட்டுமே. ‘அது’ சுட்டும் பொருள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உரையாசிரியர்கள் அதைச் சூளுரை என்று விளக்குவது பொருத்தமானதே. நானும் அப்படித்தான் கொள்கிறேன். ஆனால் அவளும் தோழியும் பெயர் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒன்று அங்கே இருக்கிறது என்பதையும், இவ்வளவு முக்கியமான வாக்குறுதியை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதையும் கட்டுரையில் எழுத வேண்டும். பொழிப்புரை அந்த மௌனத்தை நிரப்பிவிடுகிறது. இன்னொன்று: ‘குருகு ஒன்று மட்டும்’ என்கிறீர்கள். பாடலில் ‘மட்டும்’ இல்லை. ‘குருகும்’ என்ற உம்மைதான் இருக்கிறது. ‘மட்டும்’ என்பது எண்ணிக்கையைச் சுருக்குகிறது. உம்மையோ, சாட்சிகளின் வரிசையில் எப்படியாவது ஒருவரையேனும் சேர்த்துவிட வேண்டும் என்று அவள் முயல்வதைக் காட்டுகிறது.

விட்டவற்றுள் பெரியது ‘தான்’. ஐந்தடிப் பாடலில் அது மூன்று முறை வருகிறது: தானே கள்வன், தான் அது பொய்ப்பின், தான் மணந்த ஞான்று. ‘யான்’ ஒரே முறை வருகிறது; அதுவும் என்ன செய்வேன் என்று கையற்று நிற்கும் இடத்தில். செய்தவனும் அவனே, பொய்க்கக்கூடியவனும் அவனே. இங்கே நீங்கள் பள்ளியில் கற்ற எதுகை கை கொடுக்கும். இரண்டாம் அடியில் முதற்சீர் ‘தானது’. மூன்றாம் சீர் ‘யானெவன்’. இது பொழிப்பு எதுகை. பெயரைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடாமல், அந்த எதுகை எந்த இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். அவனையும் அவளையும் ஒலியால் எதிரெதிரே நிறுத்தி, ஒரு பக்கம் பொய்க்கும் ஆற்றலையும் மறுபக்கம் செயலற்ற நிலையையும் வைக்கிறது அந்த அடி. அடுத்த அடியில் ‘தினைத்தாள்’, ‘சிறுபசுங்’ என்ற சீர்களுக்கு இடையே மோனை இருக்கிறது. அதற்கு இப்படி ஒரு பொருளை நான் காணவில்லை. செவிக்கு இனிமை தருகிறது, அவ்வளவே. ஒவ்வொரு மோனைக்கும் ஆழ்ந்த பொருள் கற்பிக்கும் கட்டுரைகள் படிப்பவரின் நம்பிக்கையை இழந்துவிடும்.

‘கள்வன்’ என்ற சொல்லை முன்னுக்குக் கொண்டுபோகாமல் கடைசி வாக்கியத்தில் வைத்திருக்கிறீர்கள். மூலத்தில் அது முதலடியிலேயே வந்துவிடுகிறது. அடுத்த அடியில் ‘பொய்ப்பின்’, அதாவது பொய்த்தால், என்கிறாள். இன்னும் பொய்க்காத ஒருவனை அவள் ஏன் முன்கூட்டியே கள்வன் என்கிறாள்? ஊரறியாமல் வந்து கூடியதால் காதலோடு சொன்ன சொல்லா, அல்லது ஐயம் தீர்ப்பாகவே மாறிவிட்டதா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. அந்த இருமையைத் தீர்த்துவைக்க முயலாமல், பாடல் அதை எப்படித் தாங்கி நிற்கிறது என்று எழுதுங்கள்.

யாப்பைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மூன்று சீராக வரும் என்பது விதி. எனவே நான்காம் அடி குறுகியிருப்பது கபிலர் தனியாகச் செய்த புதுமை என்று எழுதக்கூடாது. ஆனால் விதி கொடுத்த குறுகிய இடத்தில் அவர் எதை வைத்தார் என்று கேட்கலாம். ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்’ என்று அடி முடிகிறது. உரக்கப் படித்தால் குரல் ‘பார்க்கும்’ என்ற எச்சத்தில் ஒரு கணம் நின்று, அடுத்த அடிக்காகக் காத்திருக்கும். குருகு அசையாமல் நீரைப் பார்த்து நிற்கும் நேரம் அந்த இடைவெளியில் கேட்கிறது.

பொருநைக்கரை:

ஏட்டுவாசி ஐயா காட்டிய முறை மிகச் சிறந்தது. ஆயினும் சொற்களை மட்டும் உற்றுப் பார்த்தால் ஒரு கேள்வி விடுபட்டுப்போகும்: இவள் ஏன் சாட்சியைத் தேடுகிறாள்? இன்றைய வாசகர் அதைத் தனிமையின் ஏக்கம் என்று எளிதில் கடந்துவிடுவார். பாடல் பிறந்த உலகத்தில் அது நடைமுறைக் கவலை.

தொல்காப்பியக் கற்பியலில் ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்ற நூற்பா இருக்கிறது. திருமணச் சடங்கு ஏன் ஏற்பட்டது என்பதற்கு அந்நூல் தரும் காரணமே பொய்தான். இந்தப் பாடலின் ‘பொய்ப்பின்’ என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். களவில், அதாவது ஊரறியாமல் நடக்கும் காதலில், கரணம் இல்லை. அவையும் இல்லை, சுற்றமும் இல்லை. அவன் மறுத்தால் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. அகநானூற்றின் 256ஆம் பாடல் கள்ளூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறது. ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்தவன் ‘அறியேன்’ என்று பொய்ச்சூள் உரைக்கிறான். ‘அறிகரி’, அதாவது உண்மை அறிந்த சாட்சி, விசாரிக்கப்படுகிறது. பொய் வெளிப்பட்டதும் அவனைக் கிளையில் பிணித்து, தலையில் நீற்றைப் பெய்கிறார்கள். அவையில் ஆரவாரம் எழுகிறது. கரி இருந்தால் அவை நீதி வழங்கக்கூடும். குறுந்தொகைத் தலைவிக்குக் கிடைத்த கரியோ, பேச இயலாத ஒரு பறவை. அதன் கண்ணும் மீன் மேல் இருந்தது. இதை அறிந்த பிறகு ‘குருகும் உண்டு’ என்பதைப் படித்தால் அதன் வலி வேறாக இருக்கிறது.

இரண்டாவதாக, தங்கையின் கவனத்துக்கு ஒன்று. பாடலின் கீழே ‘வரைவு நீட்டித்தவழித் தலைமகள் தோழிக்குச் சொல்லியது’, அதாவது திருமணம் தள்ளிப்போனபோது தலைவி தோழியிடம் சொன்னது, என்ற துறைக்குறிப்பு இருக்கும். அக்குறிப்புகள் பாடலின் பகுதியல்ல. தொகுப்பு மரபில் பின்னர்ச் சேர்ந்தவை. தோழி என்ற சொல் பாடலில் எங்குமே இல்லை. இவள் தனக்குத் தானே பேசிக்கொள்கிறாள் என்று ஒருவர் வாசித்தால் பாடலின் சொற்கள் அதைத் தடுக்கவில்லை. அதற்காகக் குறிப்பைப் புறந்தள்ளிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வாசிப்புகளில் ஒன்று அது. இந்தப் பாடலை நம்மைவிட அந்த உலகுக்கு நெருக்கமாக இருந்த ஒருவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை அது காட்டுகிறது. ஒரு வாசிப்பு என்ற அளவில் அதை மதித்து, மூலத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

திணையையும் கேள்வியின்றி விட வேண்டாம். குறிஞ்சி என்று குறிக்கப்பட்ட பாடலில் மலையோ சுனையோ இல்லை. ஓடும் நீரும் ஆரலும் குருகும் இருக்கின்றன. இவை வயலும் நீர்த்துறையும் சார்ந்த பாடல்களில் நாம் அதிகம் காண்பவை. ‘எந்நில மருங்கிற் பூவும் புள்ளும்’ பிற நிலத்தில் வரலாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. புணர்ச்சி என்ற உரிப்பொருளால், அதாவது திணைக்கு உரிய ஒழுக்கத்தால், இது குறிஞ்சி ஆயிற்று. ஆனால் அந்தக் குறிஞ்சி காட்சியில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால், உவமையில் இருக்கிறது. குருகின் காலுக்கு எத்தனையோ தாள்களை உவமை சொல்லியிருக்கலாம். கபிலர் தினைத்தாளைச் சொல்கிறார். தினைப்புனம் காக்கப் போன இடத்தில்தான் அகப்பாடல்களின் குறிஞ்சித் தலைவி அவனைச் சந்திப்பது வழக்கம். நீரருகே நிற்கும் பறவையைக் காணும்போதும் அவள் நினைவுக்கு வருவது புனத்துத் தினைதான்.

ஒரு சிறு எச்சரிக்கை. கட்டுரையில் ‘கபிலர் கலங்குகிறார்’ என்று எழுதிவிடாதீர்கள். பேசுபவள் தலைவி, கபிலர் அந்தக் குரலை அமைத்தவர். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் இல்லை என்பது இலக்கண விதி. எனவே பாரியின் நண்பர் என்ற அவருடைய வாழ்க்கைச் செய்தி புறப்பாடல்களில் உதவும் அளவுக்கு இங்கே உதவாது.

தஞ்சை வாசகி:

ஏட்டுவாசி அண்ணாவுக்கும் பொருநைக்கரை அவர்களுக்கும் மிக்க நன்றி. பொழிப்புரையையும் பாடலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை கண்ணில் படாதவை பல தெரிகின்றன.

ஓர் ஐயம். எங்கள் வகுப்பில் ஒருவர், ஆரலுக்காகக் காத்து நிற்கும் குருகு தலைவனையே குறிக்கிறது, மீன் தலைவியைக் குறிக்கிறது, எனவே இது உள்ளுறை உவமம், அதாவது காட்சிக்குள் வேறொரு பொருளை மறைத்து வைக்கும் உவமை, என்றார். கேட்டவுடன் மிகவும் அழகாகத் தோன்றியது. இப்படி எழுதலாமா? ஒரு விளக்கம் அழகாக இருப்பதற்கும் சரியாக இருப்பதற்கும் இடையே எப்படி முடிவு செய்வது?

ஏட்டுவாசி:

நல்ல கேள்வி, தங்கையே. பொருநைக்கரை அவர்கள் சுட்டிய கள்ளூர்ச் செய்தி எனக்கும் இந்தப் பாடலை விரித்துக் காட்டியது, அவர்களுக்கு நன்றி.

உங்கள் வகுப்புத் தோழர் சொன்ன விளக்கத்தை நான் இப்படிச் சோதிப்பேன். அதை ஏற்றுக்கொண்டால் பாடலின் எந்தச் சொற்கள் உயிர் பெறுகின்றன, எந்தச் சொற்கள் இடறுகின்றன? கள்வன் என்ற பழிச்சொல்லும், காத்திருந்து கவரும் பறவையின் இயல்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அது இந்த விளக்கத்துக்குச் சாதகமான சான்று. ஆனால் தலைவி அவனையும் குருகையும் தனித்தனியாக எண்ணுகிறாள். அங்கே அவன் இருந்தான், ‘குருகும் உண்டு’. அந்த உம்மை, குருகை அவனிலிருந்து பிரித்து இன்னொருவராக வைக்கிறது. குருகு அவனே என்றால், அவளுக்கு இருந்த ஒரே சாட்சியும் இல்லாமற்போய், கடைசி அடி தளர்ந்துவிடுகிறது. மேலும் ‘சிறுபசுங் கால’ என்ற மென்மையான அடைமொழி, கவர்ந்து செல்லும் ஒருவனுக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. அது அவள் அப்போது எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாள் என்பதையே காட்டுகிறது.

ஆகவே பாடலின் மேல்தளத்தில் குருகு சாட்சி, அதில் ஐயமில்லை. மீனுக்காகக் காத்திருக்கும் அதன் நிலை அவனை நிழலாக நினைவூட்டுகிறது என்று சொல்வதற்கு இடமுண்டு. ‘குறிக்கிறது’ என்று உறுதியாகச் சொல்வதற்கு இடமில்லை. கட்டுரையில் இரண்டு சான்றுகளையும் வைத்துவிட்டு இந்த முடிவை எழுதுங்கள். ஒரு விளக்கத்தை ஏன் பாதி மட்டும் ஏற்கிறோம் என்று விளக்கும் பத்தியே உங்கள் கட்டுரையின் வலுவான பத்தியாக அமையும்.

உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பு நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அதன் ஒப்புமைப் பகுதியைக் கொண்டு, குருகு வரும் பிற பாடல்களைத் தேடிப் படியுங்கள். இதே பறவை வேறு பாடல்களில் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால், இந்தப் பாடலில் அது செய்யும் வேலை எவ்வளவு அரிது என்று உங்களாலேயே சொல்ல முடியும்.

அந்திவேளை:

இந்தத் திரியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சங்கப் பாடலுக்குத் திணை, துறை, உரை, ஒப்புமை எல்லாம் துணை இருக்கின்றன; அவை எதுவும் இல்லாத கவிதைக்கும் இதே முறை பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். பொருந்தும் என்பதற்குப் பாரதியாரின் ‘அக்கினிக் குஞ்சு’ நல்ல எடுத்துக்காட்டு. பலருக்கும் மனப்பாடமாக இருக்கும் பாடல் என்பதால் வரிகளை முழுதும் எழுதவில்லை.

அதற்குப் பொழிப்புரை எழுதுங்கள்: ‘ஒரு நெருப்புப் பொறியைக் கண்டு காட்டில் ஒரு பொந்தில் வைத்தேன், காடு எரிந்து தணிந்தது, வீரத்தில் சிறிது பெரிது என்ற வேறுபாடு இல்லை.’ இப்போது பாடலோடு ஒப்பிடுங்கள். ‘வெந்து தணிந்தது காடு’ என்ற மூன்று சொற்களில் பெருந்தீ முழுவதும் முடிந்துவிடுகிறது. மரங்கள் எரிந்த விவரிப்பு இல்லை, புகை இல்லை, விலங்குகள் ஓடவில்லை. பொந்தில் வைத்ததற்கும் காடு தணிந்ததற்கும் நடுவே இருந்த காலம் அப்படியே தாண்டப்படுகிறது. பொறியை வைத்தவனுக்கு அதன் விளைவில் ஐயமே இல்லை என்ற உறுதி அந்தத் தாண்டலில் தெரிகிறது. பலரும் இதை விடுதலைப் போராட்டத்தின் உருவகம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த வாசிப்பு தவறு என்று நான் கருதவில்லை. ஆனால் எரிந்துபோன காடு எது, அதன் அழிவைப் பற்றிப் பாடல் ஏன் ஒரு சொல்லும் வருந்தவில்லை என்ற கேள்விகளை அது எழுப்பாமலே விட்டுவிடுகிறது. கண்டவனும் வைத்தவனும் ஒரே ‘நான்’ என்பதையும், அவன் ஏன் வைத்தான் என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் வரும் ‘தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்’ என்ற வரியைப் பொழிப்புரையில் எப்படி எழுதுவீர்கள்? எழுத முடியாது; அது தாளச் சொற்கட்டு. கேள்விக்கு விடை வர வேண்டிய இடத்தில் தாளம் வருகிறது. ‘உண்டோ’ என்று கேட்ட குரல் வாதத்தைக் கைவிட்டு ஆடத் தொடங்குகிறது. வகுப்பில் இந்த வரியைப் பெரும்பாலும் ‘சந்த நயம்’ என்ற தலைப்பின் கீழ்க் குறித்துவிட்டு நகர்கிறோம். முதல் நான்கு வரிகளைக் கண்ணால் மட்டும் படித்துவிட்டு, ஒருமுறை இந்த வரியோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முன்னால் அமைதியாகத் தோன்றிய ‘தணிந்தது’ என்ற சொல் அதன் பிறகு அப்படித் தோன்றுகிறதா என்பதை இங்கே வந்து எழுதுங்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காடு தணிந்த பின்னும் தழல் தணியவில்லை என்றே அந்தத் தாளம் சொல்வதாகக் கேட்கிறது.